அறுபத்து மூன்று சுற்று

இடுப்பில் கயிறு, முதுகில் காலியான ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், கால்கள் இரண்டும் கிணற்றுப் படிக்கட்டின் கடைசிக் கல்லில். 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக் காலையொன்றில் நாம் நின்ற கோலம் இது. கயிற்றின் மறுமுனை நம் பங்கின் பீடச்சிறுவன் ஒருவனுடைய கையில் இருந்தது. அவனுக்கு வயது பதின்மூன்று. நமக்கு ஐம்பத்து மூன்று. திருப்பலியில் மணியடிக்கச் சற்றுத் தாமதித்தால் நம் பார்வைக்கு அஞ்சி ஒடுங்கும் அதே சிறுவன், அன்று கிணற்று மேட்டில் சப்பணமிட்டு அமர்ந்துகொண்டு, "தண்ணியோட சண்டை போடாதீங்க சாமி. சும்மா மல்லாந்து படுங்க. அதுவே தூக்கும்" என்று நமக்குப் பாடம் நடத்தினான்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலுமாக ஏழாண்டுகள் படித்திருக்கிறோம். நம்பிக்கை என்பது அறிவால் ஒப்புக்கொள்வது மட்டுமன்று, தன்னையே ஒப்படைப்பது என்று எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். ஒப்படைக்க வேண்டிய இடம் முப்பதடி ஆழத் தண்ணீர் என்று வந்தபோது கை படிக்கல்லை விட மறுத்துவிட்டது. அன்று நாம் நீந்தவில்லை. மறுநாளும் நீந்தவில்லை. மூன்றாம் நாள் கல்லை விட்டோம். மூக்கு வழியாக அரைக்கிணற்று நீரைக் குடித்து, கயிற்றோடு மேலே இழுக்கப்பட்டோம்.

நீச்சல் கற்க வேண்டும் என்ற எண்ணம் உடற்பயிற்சிக்காக வந்ததன்று. அதே ஆண்டு ஏப்ரல் மாதம். பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டு, பிள்ளைகள் வயலும் வரப்புமாகத் திரிந்துகொண்டிருந்த காலம். ஒரு நண்பகலில் பங்கு இல்லத்துக்கு ஓடிவந்தவர்கள், கிளைப்பங்கில் பையன் ஒருவன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்றார்கள். மோட்டார் சைக்கிளில் விரைந்தோம். நாம் போய்ச் சேர்ந்தபோது இருவர் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தனர். நீந்தத் தெரிந்த இளைஞர் பலரும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேட்டில் நின்றவர்கள் பெண்களும் முதியவர்களும், அவர்களோடு நாமும். செபமாலை கையில் இருந்தது. செபித்தோம், அது பொய்யன்று.

பையனை மேலே கொண்டுவர முக்கால் மணி நேரமாயிற்று. பெற்றோர் வெளியூரில் இருந்தமையால் அவனை வளர்த்தவர் பாட்டிதான். அழுது ஓய்ந்தபின் அவர் நம் முகத்தைப் பார்த்து, "சாமிக்கு நீச்சல் தெரியாதுங்களா?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. தெரிந்திருக்கும் என்று அதுவரை நினைத்திருந்த ஒருவர், தெரியாது என்பதை அறிந்துகொண்ட குரல், அவ்வளவே. தெரியாது பாட்டி என்றோம். நீருக்குள் மூச்சின்றி உயிர் தாங்குவது சில நிமிடங்களே. நாம் போய்ச் சேர்ந்தபோது அரைமணி நேரம் கடந்திருந்தது. நாம் பெரிய நீச்சல் வீரராகவே இருந்திருந்தாலும் அவனைக் காப்பாற்றியிருக்க இயலாது. இதைப் பின்னர் பலரும் நமக்கு எடுத்துச் சொன்னார்கள். நாமும் அறிவோம். ஆயினும் அடக்கத் திருப்பலியில் நாம் ஆற்றிய மறையுரையில் ஒரு சொல்லும் இன்று நினைவில் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது.

பொம்மிடியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப் பாதையில், மொரப்பூரைத் தாண்டி வரும் ஊர். தெற்கே சேர்வராயன் மலை சுவர் எடுத்தாற்போல் நிற்கும். மரவள்ளியும் மஞ்சளும் தென்னையும் மாவும் விளையும் பூமி. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் தண்ணீர் எப்போதுமே அரிது. கிடைக்கும் நிலத்தடி நீரிலும் ஃபுளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தமையால்தான் 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிப்பதற்கே நீரைத் தேடும் மண்ணில் நீச்சல் கற்கக் குளத்துக்கு எங்கே போவது? ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியை எட்டிய பிறகு பழைய வெட்டுக் கிணறுகள் பல வறண்டு கிடந்தன. 2021ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்து அவற்றை நிரப்பியது. நிரம்பிய கிணறுகளுள் ஒன்று, பங்கு இல்லத்துக்கு அருகே தோட்டம் வைத்திருக்கும் சைவ அன்பர் ஒருவருடையது. கேட்டவுடன் சம்மதித்தார். "குளிங்க சாமி, ஆனா தனியா எறங்காதீங்க. எங்க கெணத்துல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல நான் தலை காட்ட முடியாது" என்றார்.

மூன்று மாதத்தில் நாய் நீச்சல் வந்தது. அடுத்த மூன்று மாதத்தில் கையை மாற்றி மாற்றி வீசி முன்னேறும் நீச்சல் வந்தது. பெரியவர்கள் நீந்தத் தடுமாறுவது கை கால் வலுவின்மையால் அன்று, மூச்சினால்தான் என்பதை நம் குட்டி ஆசானிடம் கற்றோம். முகம் நீருக்குள் இருக்கையில் நாம் மூச்சைப் பிடித்து வைத்திருந்தோம். வெளியே தலை எடுக்கும் அந்த நொடியில் விடவும் இழுக்கவும் முயன்று திணறினோம். உள்ளே இருக்கும்போதே மெல்ல விட்டுவிட வேண்டும். அப்போது வெளியே வந்தவுடன் இழுப்பதற்கு மட்டும் நேரம் இருக்கும். இதைச் சொல்ல எளிது. பிடித்து வைத்திருப்பதே பாதுகாப்பு என்று ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக நம்பிவந்த உடலுக்கு இதைப் புரியவைக்க நாற்பது நாள் ஆயிற்று. அந்த ஆண்டுத் தவக்காலம் முழுதும் கிணற்றில் கழிந்தது.

இதற்கிடையே மருத்துவர் ஒருவர் நமது இரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் ஓய்வாக வையுங்கள் என்றார். நாம் குருப்பட்டம் பெற்ற நாள்களில் கிளைப்பங்குகளுக்கு மிதிவண்டியில் போய்வந்தவர்கள்தாமே! மீண்டும் மிதிவண்டி. விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் கடத்தூர்ச் சாலையில் போய்த் திரும்புவது, உடல் இடங்கொடுத்தபின் பாப்பிரெட்டிப்பட்டி வழியாக மஞ்சவாடிக் கணவாய்வரை ஏறி இறங்குவது என்று பழக்கம் நீண்டது. ஓடவும் தொடங்கினோம். ஐம்பது வயதைக் கடந்த குருவானவர் அரைக்கால் சட்டையோடு சாலையில் ஓடுவதைக் கண்ட முதல் வாரத்தில், பால் ஊற்ற வந்தவர்கள் பலர் வண்டியை நிறுத்தி, "யாருக்கு சாமி சீரியஸ்?" என்று கேட்டார்கள். நோயிற்பூசுதல் கொடுக்க ஓடுகிறோம் என்று நினைத்தார்களாம். பங்குப் பேரவையில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, அங்கியின் கண்ணியத்தைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசினார். முழங்கால் மறையும் காற்சட்டை என்று சமரசம் ஏற்பட்டது.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெங்களூரில் பொறியாளராக இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர், "ஃபாதர், நீங்க மூணையும் செய்றீங்க. ஒண்ணா சேர்த்துச் செஞ்சா அதுக்கு டிரையத்லான்னு பேரு" என்றார். நீந்தி, உடனே மிதிவண்டி ஓட்டி, உடனே ஓடி முடிக்க வேண்டும். நடுவில் உடை மாற்றும் நேரத்தையும் கடிகாரம் விடாது எண்ணும். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ஓட்டப் பயிற்சிக்குச் சலிப்பு மாற்றாகச் சிலர் தொடங்கிய விளையாட்டு இது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஒவாகுவில், கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் என்பவர் அதைப் பன்மடங்கு நீட்டினார். ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, பிறகு முழு மாரத்தான். பதினைந்து பேர் புறப்பட்டுப் பன்னிருவர் முடித்தனர். முதலில் முடிப்பவரை இரும்பு மனிதர் என்று அழைப்பதாகச் சொன்னதிலிருந்து 'அயர்ன்மேன்' என்ற பெயர் நிலைத்தது. அதில் சரிபாதியான தூரமும் உண்டு: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மைல் கணக்கில் கூட்டினால் 70.3, அதுவே அப்போட்டியின் பெயராயிற்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டபோது தூரம் இன்னும் குறைவு: ஒன்றரை, நாற்பது, பத்து.

இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிட்டோம். உண்மையில் பெரும்பாலும் அப்படித்தான். நம் மனத்தை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் மடோன்னா பூடர் என்னும் அமெரிக்க அருள்சகோதரி. 1930இல் பிறந்தவர், குருவானவர் ஒருவர் சொன்ன ஊக்கச் சொல்லால் நாற்பதுகளின் இறுதியில் ஓடத் தொடங்கி, ஐம்பத்திரண்டாம் வயதில் முதல் டிரையத்லானிலும், ஐம்பத்தைந்தில் முதல் முழுத்தூர அயர்ன்மேனிலும் கலந்துகொண்டார். 2012இல் கனடாவில், எண்பத்திரண்டு வயதில், அந்த முழுத்தூரத்தையும் உரிய நேரத்துக்குள் முடித்தார். நமக்கு அப்போது ஐம்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

மற்றவர் டிக் ஹோய்ட். அவருடைய மகன் ரிக், 1962இல் பிறக்கையில் மூளைக்கு உயிர்வளி போதாமல், கை கால்களை இயக்கவோ பேசவோ இயலாதவரானார். 1977இல், விபத்தில் முடங்கிய மாணவர் ஒருவருக்கு நிதி திரட்டும் ஐந்து மைல் ஓட்டத்தில் தாமும் கலந்துகொள்ள வேண்டும் என்று கணினி வழியாகத் தந்தையிடம் தெரிவித்தார் ரிக். ஓட்டப் பழக்கமே இல்லாத தந்தை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்; கடைசிக்கு முந்தைய இடம். ஓடும்போது தமக்கு உடற்குறை இருப்பதாகவே தோன்றவில்லை என்று மகன் வீட்டில் தெரிவித்தாராம். அதன்பின் இருவரும் நிற்கவில்லை. டிரையத்லானுக்காக டிக் நடுவயதில் நீச்சல் பழகினார். மகனை ரப்பர்ப் படகில் படுக்கவைத்து, படகின் கயிற்றைத் தம் உடலில் கட்டிக்கொண்டு கடலில் நீந்தினார், மிதிவண்டியின் முன்னிருக்கையில் வைத்து ஓட்டினார், தள்ளிக்கொண்டு ஓடினார். ஹவாயின் முழுத்தூரத்தையும் இப்படியே முடித்தார்கள். தந்தை 2021இலும் மகன் 2023இலும் இறந்தார்கள். அந்தக் கயிற்றைப் படத்தில் பார்த்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைக்காக நீச்சல் கற்ற மனிதர் அவர். நாம் கற்றதோ பிள்ளை போன பிறகு.

உடலைப் பற்றி நமது குருமடக் காலம் இருவிதமாகப் பேசியது. வகுப்பில், ஆன்மா உடலின் வடிவம், இரண்டும் சேர்ந்தே மனிதர் என்று தூய தாமஸ் அக்குவினாசைப் படித்தோம். மைதானத்தில், மாலைக் கால்பந்து என்பது இளம் இரத்தத்தின் கொதிப்பைத் தணிக்கும் வடிகால் என்றார்கள். முதலாவதைத் தேர்வில் எழுதினோம், இரண்டாவதை நம்பினோம். கொரிந்து நகருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த விளையாட்டு விழாவை அறிந்தவராகவே தூய பவுல் அந்நகரத்தாருக்கு ஓட்டக்காரரைப் பற்றி எழுதினார் என்பது ஏதோ இலக்கிய அலங்காரமாகவே நமக்குப் பட்டிருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று உரோமை ஒலிம்பிக் அரங்கில் விளையாட்டு வீரர்களின் யூபிலியைக் கொண்டாடினார். 2018இல் விளையாட்டைப் பற்றியே வத்திக்கான் ஓர் ஏடு வெளியிட்டது. 2019இல் குருக்களும் கன்னியரும் சுவிஸ் காவலரும் சேர்ந்த தடகளச் சங்கம் ஒன்று அங்கேயே முறைப்படி அமைந்தது. இவற்றைப் பேரவை உறுப்பினரிடம் வரிசையாகச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க ரோமாபுரியில ஓடுறாங்க சாமி, இது பொம்மிடி" என்றார்.

2023இல் சென்னைக்கு அருகே ஒலிம்பிக் தூரத்துப் போட்டி ஒன்றை முடித்தோம். அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசியிலிருந்து நான்காவது. மிதிவண்டியிலிருந்து இறங்கி ஓடத் தொடங்குகையில் தொடை இரண்டும் மரக்கட்டையாய் இருந்ததும், தலை ஓடச் சொல்ல கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கின்றன. அதன்பின் அந்த இளைஞர், அடுத்தது கோவா என்றார். கோவாவின் தலைநகர் பணஜியில் மீராமார் கடற்கரையில் 2019 முதல் இந்த 70.3 போட்டி நடக்கிறது. நடுவில் பெருந்தொற்றால் இரண்டாண்டு நின்று, 2022இல் மீண்டும் தொடங்கியது.

கடலில் 1,900 மீட்டர் நீந்தக் கிணற்றில் எப்படிப் பயில்வது? சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய முப்பது மீட்டர் என்று கயிறு போட்டு அளந்தோம். ஆகவே அறுபத்து மூன்று சுற்று. இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிடும். செபமாலையில் அருள்நிறை மணி ஐம்பத்து மூன்று, கர்த்தர் கற்பித்த மணி ஆறு, ஆக ஐம்பத்தொன்பது. சுற்றுக்கு ஒரு மணியாகச் செபித்து வந்தால் கணக்குத் தவறாது. முடிவில் நான்கு சுற்று மட்டும் தனியே எண்ணினால் போதும். அந்த நான்கையும் இறந்துபோன பையனுக்காக வைத்துக்கொண்டோம். கிணற்றுக்காரர் ஒருநாள் கணக்கைக் கேட்டுவிட்டு, "அறுபத்து மூவரா! அப்ப இது எங்க கணக்கு சாமி" என்று மகிழ்ந்து போனார். நாயன்மார்களை நாம் மறுக்கவில்லை.

தடைகள் வேறு வடிவில் வந்தன. போட்டி 2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. பங்குத்தந்தை ஞாயிறன்று பங்கில் இல்லாமல் விளையாடப் போவதா? ஆயரிடம் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டோம். அவர் நம் சர்க்கரை அளவு குறைந்திருப்பதை விசாரித்துவிட்டு, ஞாயிறு திருப்பலிகளுக்கு வேறொரு குருவை அனுப்பினார். அதைவிடப் பெரிய தடை பணம். நுழைவுக் கட்டணமே நமது பல மாத உதவித்தொகைக்கு ஈடு. அந்தத் தொகையில் ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் உறுத்தியது. பெங்களூர் இளைஞரும் நண்பர்களும் கட்டிவிட்டார்கள். நல்ல மிதிவண்டியும் இரவல் தந்தார்கள். உறுத்தல் போயிற்று என்று சொல்லமாட்டோம். இன்றும் இருக்கிறது. பெறுவது கொடுப்பதைவிட எவ்வளவு கடினம் என்பதை முப்பதாண்டுகள் காணிக்கை வாங்கிய கையோடு அப்போதுதான் உணர்ந்தோம்.

புறப்படும் நாளில் ஆலய வாயிலில் ஃபிளெக்ஸ் பலகை ஒன்று நின்றது. மிதிவண்டியோடு நமது படம். 'இரும்பு மனிதரை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று பெரிய எழுத்து. அங்கியைப் பற்றிப் பேசிய அதே உறுப்பினர் செலவில் அடித்தது. போட்டியே இன்னும் நடக்கவில்லையே என்றோம். "பிரிண்டிங்காரன் தீபாவளி ஆர்டர்ல பிஸியாயிடுவான் சாமி, அதான் முன்னாடியே" என்றார்.

சனிக்கிழமை பழைய கோவாவுக்குப் போனோம். நவம்பர் 21இல் தொடங்கவிருந்த தூய பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் தரிசனத்துக்காகப் பந்தல் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. அன்று மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டு, இரவு எட்டுக்கெல்லாம் படுத்தோம். உறங்கினோம் என்று சொல்ல முடியாது.

காலையில் கடலைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இதற்குச் சுவர் இல்லையே என்பதுதான். மூன்றாண்டுகளாக நாம் நீந்திய ஒவ்வொரு மீட்டரிலும் கை நீட்டினால் கல் தட்டுப்படும். கிணற்றில் எங்கு களைத்தாலும் கரை ஐந்து முழத்தில் இருக்கும். இங்கே மிதவைகள் எங்கோ சிவப்புப் புள்ளிகளாய்த் தெரிந்தன. சில சில பேராக நீருக்குள் விட்டார்கள். முதல் இருநூறு மீட்டருக்குள் எவரோ ஒருவர் கால் நம் முகத்தில் பட, கண்ணாடிக்குள் உப்புநீர் புகுந்தது. நெஞ்சு படபடத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டோம், கற்றதெல்லாம் போயிற்று. படகில் நின்ற மீட்புப் பணியாளரை நோக்கிக் கை உயர்த்தலாமா என்ற எண்ணம் வந்தது. கையைக்கூட உயர்த்திவிட்டோம் என்றே நினைக்கிறோம். அப்போது மல்லாந்து படுத்தோம். துணிச்சல் அன்று, வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. கிணற்று நீரைக் காட்டிலும் கடல்நீர் அடர்த்தியானது, எளிதில் தூக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். முதுகு அதை அன்று அறிந்தது. வானம் மேகமாய் இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே கிடந்தோம். பிறகு திரும்பி, செபமாலையைத் தொடங்கினோம். கடலில் சுற்று இல்லையாதலால் எந்த மணி எதற்கென்று தெரியவில்லை. எண்ணாமலே சொல்லிக்கொண்டு போனோம். நீச்சலுக்கு அனுமதித்த நேரம் ஒரு மணி பத்து நிமிடம்; ஒரு மணி நான்கு நிமிடத்தில் மணலைத் தொட்டோம்.

மிதிவண்டிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தருமபுரி வெயில் உலர்ந்த வெயில். வியர்வை தோலிலேயே காய்ந்து உடலைக் குளிர்விக்கும். கோவாவின் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்தது; உடல் உள்ளுக்குள் வெந்தது. சர்க்கரை நோயாளிக்கு இத்தகைய நேரத்தில் சர்க்கரை கூடுவதைவிடக் குறைவதே ஆபத்து. பையில் கொண்டுபோன கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் அரைமணிக்கு ஒருமுறை தின்றோம். வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும் என்பதால் உப்பும் சேர்த்தோம். புறப்பட்டதிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் மிதிவண்டியை முடித்தாக வேண்டும். பதினொரு நிமிடம் மீதம் வைத்து முடித்தோம்.

ஓட்டம் முதல் ஆறு கிலோமீட்டர் ஓட்டமாக இருந்தது. அதன்பின் ஓட்டமும் நடையும். பன்னிரண்டுக்குமேல் நடைதான். அதே போட்டியில் பெங்களூர் தெற்குத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யாவும் அன்று கலந்துகொண்டார். மொத்த நேர வரம்பான எட்டரை மணி நேரத்துக்குச் சில நிமிடங்களே இருக்கையில் அவர் முடித்ததாகப் பின்னர் செய்தித்தாளில் படித்தோம். அவருக்கு இருந்த அந்தச் சில நிமிடங்கள் நமக்கு இல்லை. எட்டரை மணி நேரம் நிறைந்தபோது நாம் பதினெட்டாம் கிலோமீட்டர் பலகையைக் கடந்திருந்தோம். இன்னும் மூன்று கிலோமீட்டர். தன்னார்வலராக நின்ற கோவாப் பெண்மணி ஒருவர் அருகில் வந்து, வருத்தத்தோடு கைக்கடிகாரத்தைக் காட்டினார். கணுக்காலில் கட்டியிருந்த நேரங்காட்டும் பட்டையைக் குனிந்து அவரே அவிழ்த்தார். பெரிய வியாழனன்று பிறர் பாதங்களைத் தொட்டே பழகிய நமக்குக் கூச்சமாயிருந்தது. காலை இழுத்துக்கொள்ள வலுவில்லை.

நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தோம். இறைவனின் திருவுளம் என்றோ, பங்கேற்றதே வெற்றி என்றோ அப்போது எண்ணியதாக எழுதினால் அது பொய். வெட்கமாக இருந்தது. ஃபிளெக்ஸ் பலகை கண்முன் வந்தது. பிறர் பணம் நினைவுக்கு வந்தது. நமக்கு முன்பே முடித்துவிட்டு நம்மைத் தேடி வந்த பெங்களூர் இளைஞர், கழுத்துப் பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. மரண வீடுகளில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய முறையை அவர் எங்கே கற்றாரோ!

செவ்வாய்க்கிழமை காலை சேலத்திலிருந்து பயணிகள் ரயிலில் பொம்மிடி நிலையத்தில் இறங்கியபோது பத்துப் பதினைந்து பேர் மாலையோடு நின்றார்கள். முடிக்கவில்லை என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். "அதுக்கென்ன சாமி, மாலைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார்கள். பலகையை எடுத்துவிடச் சொன்னோம். "படம் நல்லா வந்திருக்கு, கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கட்டும்" என்று பேரவையில் தீர்மானமே ஆயிற்று. நம் நீச்சல் ஆசானுக்கு அப்போது பதினாறு வயது, மீசை அரும்பியிருந்தது. பதக்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. "கடல்லயா நீந்துனீங்க சாமி? செவுரு இல்லாமயா?" என்று மட்டும் கேட்டான். ஆம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கும் சாமி" என்றான்.

சொல்ல மறந்தது ஒன்று உண்டு. 2023 முதல் சனிக்கிழமைகளில், கிணற்றில் நீர் இருக்கும் மாதங்களில், நீச்சல் வகுப்பு நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்குக் கடலோர ஊரைச் சேர்ந்த அருள்சகோதரி ஒருவர் தனியே கற்றுத் தருகிறார். மத வேறுபாடில்லை; பெரியவர் இருவர் உடனில்லாமல் எவரும் இறங்குவதில்லை; கயிறும் கேனும் கட்டாயம். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதுவரை கற்றிருக்கிறார்கள். அவர்களுள் இறந்துபோன பையனின் தங்கை இல்லை. பாட்டி கிணற்றுப் பக்கம் அவளை விடுவதே இல்லை. நாமும் அழைத்ததில்லை, அழைக்கும் உரிமை நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

2025 சனவரியில், பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, பாட்டி சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வந்தார். அவள் வயது ஒன்பது. "கடல்ல போயி நீந்துனீங்களாமே சாமி. முடிக்கலையாமே" என்றார். நீச்சலை முடித்தோம் பாட்டி, ஓட்டத்தைத்தான் முடிக்கவில்லை என்றோம். "ஓட்டம் எதுக்கு, நீச்சல்தான வேணும்" என்று சொல்லிப் பேத்தியைச் சகோதரியிடம் விட்டார். கேனைக் கட்டினார்கள். கயிற்றை மேலிருந்து பிடிக்கும் வேலை அன்று நம்முடையது. பாட்டி நமக்குப் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தார். வகுப்பு முடியும்வரை அவர் பார்த்தது கிணற்றையன்று, நம் கைகளை. "கயித்த விட்றாதீங்க சாமி" என்று மூன்று முறையோ நான்கு முறையோ சொன்னார்.

ஏப்ரல் வரை பதினொரு சனிக்கிழமைகள் வந்தார்கள். சிறுமி இப்போது கேன் இல்லாமல் கிணற்றின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுவாள். கயிறு மட்டும் இன்னும் இருக்கிறது. மே மாதத்தில் தண்ணீர் படிக்கட்டுக்குக் கீழே இறங்கிவிட்டமையால் வகுப்பை நிறுத்தினோம். கிணற்றுக்காரர் தூர் எடுக்க ஆள் பேசியிருக்கிறார். மழை வந்தவுடன் மீண்டும் தொடங்க வேண்டும்.